வழி கேளுங்க: கமுதி, முதுகுளத்தூர் பக்கம் ஒரு சுற்று

மலைக்கும் கடலுக்கும் போய் அலுத்துவிட்டது, மதுரையிலிருந்து வேறு எங்கே காரில் போகலாம் என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மதுரையில் சுற்றுலா வேன் ஓட்டியே தலை நரைத்தவன் நான். அந்த ரோடுகளில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

வர்ற ஜனவரியில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா எல்லாரும் காரில் போகலாம் என்றிருக்கிறோம். இரண்டு நாள் லீவு இருக்கிறது. எட்டு இடம் குறித்து வைத்திருக்கிறேன். "தண்ணியில்லாக் காட்டில் என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்று மச்சான் சிரிக்கிறார். திட்டம் எப்படிப் போடுவது?
*வாசகர், திருநகர், மதுரை*

மச்சான் சிரிக்கட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கார் தள்ள ஆள் வேண்டுமே.

முதல் வேலையாக அந்த எட்டைக் கொஞ்சம் குறையுங்கள். தூரம் ஒன்றும் பெரிதில்லை. மதுரை, அருப்புக்கோட்டை, கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, மறுபடி மதுரை என்று சுற்றி வந்தால் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு "அரை நாள் வேலை" என்று கிளம்புகிறவர்கள்தான் அங்கே சங்கடப்படுகிறார்கள். அந்தப் பக்கத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை எந்த நிழலில் இருப்பீர்கள், பொழுது சாயும்போது எந்த ரோட்டில் இருப்பீர்கள், இந்த இரண்டையும் முதலில் தாளில் எழுதுங்கள். பார்க்க வேண்டிய இடங்களை அதற்கு இடையில் செருகிக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது. பெரும்பாலானவர்கள் பரமக்குடி வழியாகப் போய் அருப்புக்கோட்டை வழியாகத் திரும்புகிறார்கள். நான் இதற்கு நேர்மாறு. காலையில் அருப்புக்கோட்டை வரை தூத்துக்குடி நான்குவழிச்சாலை. கிட்டத்தட்ட தெற்கே போகிற ரோடு என்பதால் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு, எட்டரைக்கு மேல் கமுதி ரோட்டைப் பிடித்தால், அதற்குள் சூரியன் கண்ணாடிக்கு மேலே ஏறியிருக்கும். இதையே சாயங்காலம் கமுதியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வருகிற மாதிரி வைத்துக்கொண்டால், மேற்கே இறங்குகிற வெயிலைப் பார்த்தபடியே குறுகலான ரோட்டில் ஓட்ட வேண்டும். எதிரே வருவது லாரியா, மாட்டு வண்டியா, சும்மா நிற்கிற மாடா என்றே தெரியாது. அந்த நேரத்துக்கு நீங்கள் பரமக்குடியை நெருங்கியிருக்க வேண்டும்.

முதல் நாள் கமுதியில் குண்டாற்றங்கரைக் கோட்டையைப் பாருங்கள். சேதுபதி மன்னர்கள் காலத்துக் கோட்டை. பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வட்டமான மதில், சுற்றிலும் முள், அப்புறம் காற்று. பிள்ளைகளுக்கு அதுவே போதும். கமுதிப் பக்கத்திலேயே 2016-ல் அமைத்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. அமைத்த சமயத்தில் ஒரே இடத்தில் உள்ள சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்றார்கள். உள்ளே போக முடியாது, ரோட்டிலிருந்து பார்க்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலப் பலகைகள். மழையில்லாத ஊர் என்று ஒதுக்கியவர்கள், அந்த வெயிலுக்காகவே தேடி வந்த கதை அது. அப்பாவுக்குச் சொல்லுங்கள், ரசிப்பார்.

பதினொன்றரைக்குள் முதுகுளத்தூர் சேர்ந்துவிடுங்கள். சாப்பாடு, அப்புறம் ஓய்வு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று பறவைகள் சரணாலயக் கண்மாய்கள் இரண்டும் அந்த ஊரை ஒட்டியே இருக்கின்றன. மூன்றரைக்கு மேல் கரைக்குப் போனால் போதும். ஐந்தரைக்குக் கிளம்பினால் பரமக்குடி 25 கிலோமீட்டர் சொச்சம்தான். ராத்திரி தங்கல் அங்கேதான். முதுகுளத்தூர், கமுதியில் குடும்பத்தோடு தங்க நல்ல இடம் தேடி அலைவதைவிட இது நிம்மதி.

மறுநாள் அவசரமே இல்லை. பரமக்குடியில் வைகைக்கு அந்தப் பக்கம் எமனேசுவரம். சௌராஷ்டிர நெசவாளர்கள் வீடுகளில் தறிச் சத்தம் கேட்கும், சேலையை நெய்கிற இடத்திலேயே பார்க்கலாம். அடுத்து மானாமதுரை. மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர். 2023-ல் இந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் வனைவதைப் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு அப்புறம் நடப்பதையும் பாருங்கள். ஈரம் வற்றாத பானைக்குள் ஒரு கையால் கல்லை அண்டக் கொடுத்து, வெளியிலிருந்து மறு கையில் மரப்பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மேலே, கீழே, சுற்றிலும் தட்டித் தட்டிக் கனத்தை ஒரே சீராக்கினால்தான் சுடும்போது வெடிக்காது, வாசிக்கும்போது எல்லா இடமும் ஒழுங்காகப் பேசும். வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் தட்டுவது. மதுரைக்குள் நுழையும் முன் கீழடி அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் இரண்டு நாளும் நிறைந்துவிடும்.

கார் விஷயம் சுருக்கமாக: ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். நான்கு டயரையும் பார்த்துவிட்டு ஐந்தாவதை மறப்பது நம் ஊர் வழக்கம். ஜாக்கியை டிக்கியில் பைகளுக்கு அடியில் புதைக்காதீர்கள். பெட்ரோலை அருப்புக்கோட்டையிலேயே நிரப்பிவிடுங்கள். கமுதியிலும் முதுகுளத்தூரிலும் பங்க் உண்டு, இடையில் உள்ள கிராமங்களில் தேடாதீர்கள். ரேடியேட்டருக்கு என்று ஒரு கேன் தண்ணீர் தனியாக இருக்கட்டும். அந்தப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு, அதை இன்ஜினுக்குள் ஊற்றக் கூடாது.

பறவைகளைப் பார்க்க எந்த மாதம் சரி? போன மே மாதம் போய்விட்டுக் காய்ந்த கண்மாயைப் படம் பிடித்து வந்தோம்.
*வாசகி, அண்ணாநகர், மதுரை*

மே மாதத்தில் ஆடுகள்தான் கண்மாய்க்குள் மேயும், அம்மா. அந்த வட்டாரத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அது பெய்து கண்மாய் நிறைந்தால், தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம். மழை பொய்த்த வருஷம் என்றால் எந்த மாதம் போனாலும் ஒன்றும் இருக்காது. அதனால் கார்த்திகை முடிந்ததும் அந்தப் பக்கம் தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு "கண்மாய் பெருகியிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நெட்டில் தேடுவதைவிட இது உறுதி.

சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-ல் சரணாலயம் ஆனவை, இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கின்றன. சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய் இவற்றைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் பெரிது என்றால் பறவை தூரத்தில் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் போனால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். முதல் தடவை போகிறவர்களுக்குச் சித்திரங்குடிதான் என் ஓட்டு. சாயங்காலம் மேயப் போன பறவைகள் வரிசையாகத் திரும்பும். கூட்டில் இருப்பது கழுத்தை நீட்டும், வந்தது இரையைக் கக்கிக் கொடுக்கும், பக்கத்துக் கிளையில் சண்டை, கீழே எச்சம் விழுந்து இலையெல்லாம் வெள்ளை. நாற்றமும் இருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கார் கதவை அடித்துச் சாத்தாதீர்கள். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சேலை வேண்டாம், பறவை மிரளும்.

இராமநாதபுரம் சீமையில் கண்மாயைப் பற்றிப் பேசி ஆர்.எஸ்.மங்கலத்தை விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அவர்கள் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். நாரையே ஒரு மூச்சில் தாண்ட முடியாத அகலமாம். ஆனால் அது இந்தச் சுற்றில் சேராது, வடகிழக்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

நாங்கள் கல்லூரி நண்பர்கள், இரண்டு பைக்கில் நான்கு பேர். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஓட்டலாம் என்று யோசனை. சரியா அண்ணே?
*வாசகர், திருமங்கலம்*

தம்பி, வேண்டாம். வெயிலில் போனால் தலைதான் சுற்றும், ராத்திரியில் போனால் தலை இருக்குமா என்பது சந்தேகம்.

காரணத்தைச் சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும் ரோட்டின் சூடு தேடி மாடுகள் தார்மேல் வந்து படுக்கும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு. வெட்டிய சீமைக்கருவேல விறகையும் கரிமூட்டையையும் இரண்டு பக்கமும் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு டிராக்டர் வரும், பின்னால் லைட் எரியாது. மூட்டம் போட்டிருக்கிற இடமாக இருந்தால் புகை ரோட்டுக்குக் குறுக்கே தாழ்வாக நிற்கும். விறகை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவார்கள். காற்று இல்லாத ராத்திரியில் அந்தப் புகைக்குள் நுழைந்தால் உங்கள் ஹெட்லைட் உங்களுக்கே திரும்பி அடிக்கும். இந்த ரோட்டில் வேன் ஓட்டும்போது ஏழு மணிக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று பயணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திட்டினவர்கள் உண்டு.

விடியற்காலை ஐந்தரைக்குத் திருமங்கலத்தில் கிளம்புங்கள், பதினொன்றுக்குள் ஓட்ட வேண்டிய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள், மூன்றுக்கு மேல் மிச்சம்.

அப்புறம் முள். சீமைக்கருவேலம் வெட்டின இடங்களில் ரோட்டோரம் சிம்பு கிடக்கும். ஒரு முள் உங்கள் சுண்டுவிரல் நீளம் இருக்கும், காய்ந்துவிட்டால் ஆணிதான். நிழல் இருக்கிறதே என்று வண்டியைத் தாரை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்துவதால்தான் பாதிப் பஞ்சர். டீ குடிக்க நிற்கும்போதெல்லாம் சக்கரத்தை மெதுவாக உருட்டிக் கையால் தடவிப் பாருங்கள். கறுப்பில் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தால் முள் முறிந்து உள்ளே நிற்கிறது. டியூப்லெஸ் டயர் என்றால் அந்த இடத்திலேயே பிடுங்கிவிடாதீர்கள். அந்த முள்ளேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் காற்று புஸ்ஸென்று போய்விடும். காற்றைக் கவனித்துக்கொண்டே மெதுவாக அடுத்த ஊர்ப் பஞ்சர் கடை வரை போய்ப் பிடுங்கச் சொல்லுங்கள். டியூப் போட்ட டயர் என்றால் இந்தச் சலுகை கிடையாது, மாற்று டியூபும் கைப்பம்பும் எடுத்துப் போங்கள்.

இரண்டு பைக்கும் கண்ணில் படுகிற தூரத்தில் போங்கள். ஒருவன் முந்திப் போய் அடுத்த ஊரில் செல்பி எடுக்கிற பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்காவது விடுங்கள்.

கூகுள் மேப் குறுக்குவழி காட்டுகிறது, பத்துக் கிலோமீட்டர் மிச்சம். போகலாமா?
*வாசகர், அருப்புக்கோட்டை*

அது காட்டுவது பல நேரம் கண்மாய்க்கரை. மேலே ஒரு டிராக்டர் போகிற அகலம்தான், எதிரே இன்னொன்று வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். காய்ந்த காலத்தில் உடம்பு வலியோடு தப்பிக்கலாம். மழை பெய்திருந்தால் கரிசல் மண் டயரில் அப்பி அப்பிச் சக்கரமே சுற்றாது. இறங்கித் தள்ளினால் உங்கள் செருப்பு மண்ணுக்குள் நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும்.

மழைக் காலத்தில் இன்னொன்று. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு தாண்டி மறுகால் போகிற நாட்களில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். முழங்கால் அளவுதானே என்று இறக்காதீர்கள். தண்ணீருக்கடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போனதா என்று உங்களுக்குத் தெரியாது. உள்ளூர் பஸ் நிற்கிறதா, போகிறதா என்று பாருங்கள். பஸ் நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

வழி கேட்பதாக இருந்தால் ரோட்டுப் பெயரைக் கேட்காதீர்கள், அடுத்த ஊர்ப் பெயரைக் கேளுங்கள். "அந்த விலக்குல திரும்புங்க, ஊருணி வரும், அதுக்கு மேக்கால" என்று அழகாகச் சொல்வார்கள். ஒருவரிடம் கேட்டு அடுத்த விலக்கில் இன்னொருவரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது, நடுவில் சிக்னல் போய்ப் போய் வரும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, வயது அறுபத்து நான்கு. மகள் கூப்பிடுகிறாள். பாத்ரூம், சாப்பாடு இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
*வாசகி, கே.கே.நகர், மதுரை*

நீங்கள் கேட்டதுதான் உண்மையான பயணக் கேள்வி, அக்கா. கோட்டை எந்த நூற்றாண்டு என்பது அப்புறம்.

கழிப்பறைக்கு ஊர்களை நம்புங்கள், ரோட்டை நம்பாதீர்கள். அருப்புக்கோட்டையில் ஓட்டலில் காலைச் சாப்பாடு சாப்பிடும்போது ஒன்று, கமுதியில் பெட்ரோல் பங்கில் ஒன்று, முதுகுளத்தூரில் மதியச் சாப்பாட்டுக் கடையில் ஒன்று, அடுத்தது பரமக்குடி லாட்ஜ். இந்த நான்கையும் மகளிடம் முன்பே சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டலில் நுழையும்போதே கழிப்பறை உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் இலையைப் போடச் சொல்லுங்கள். வெட்கமே படாதீர்கள். வேனில் வந்த அம்மாக்கள் பலர் இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அந்த வெயிலில் அது ஆபத்து, சர்க்கரை உள்ளவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. சரணாலயக் கரையில் வசதியை எதிர்பார்க்காதீர்கள், போகுமுன் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றால் பன்னிரண்டே முக்காலுக்கு உட்கார்ந்துவிடுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் இரண்டு மணிக்குக் குழம்பு தீர்ந்திருக்கும், சாயங்காலம்தான் மறுபடி பரோட்டாக் கல் சூடாகும். கையில் வேர்க்கடலை, இரண்டு வாழைப்பழம், மாத்திரை, கூடவே கொஞ்சம் சீனி. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள், நிறுத்தின கார் அடுப்பாகிவிடும். சின்னத் தெர்மாஸ் பையில் வைத்து உங்கள் கூடவே எடுத்துப் போங்கள். மாசி, பங்குனியில் போனால் பதநீர் கிடைக்கும். உங்களுக்கு வேண்டாம், மகள் குடிக்கட்டும். நுங்கு ஒன்றிரண்டு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லி நீங்கள் பத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது.

மதிய ஓய்வுக்குக் கோயிலை நம்பிப் போகாதீர்கள், பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான். ஊருக்கு வெளியே அய்யனார் கோயில் மரத்தடி கிடைத்தால் பாக்கியம். மண்குதிரைகள் வரிசையாக நிற்கும், நல்ல நிழல். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் யாராவது இருந்தால் "உக்காரலாமாய்யா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சில கருப்பர் கோயில்களில் பெண்கள் போகாத எல்லை வைத்திருப்பார்கள், அதையும் அவரே சொல்வார்.

எலெக்ட்ரிக் காரில் போகலாமா?
*வாசகர், வில்லாபுரம், மதுரை*

போகலாம், முழுச் சார்ஜில் ஏசி போட்டுக்கொண்டே 260 கிலோமீட்டர் நிச்சயமாக ஓடும் என்றால். கம்பெனி சொல்லும் கணக்கை எடுக்காதீர்கள், உங்கள் கார் சித்திரை வெயிலில் மதுரையில் எவ்வளவு ஓடுகிறதோ அதுதான் கணக்கு. நான்குவழிச்சாலையை விட்டு இறங்கின பிறகு சார்ஜரை நம்பித் திட்டம் போடாதீர்கள். பரமக்குடியில் தங்கும் இடத்தில் வண்டிக்குப் பக்கத்தில் பதினைந்து ஆம்பியர் பிளக் உண்டா என்று அறை எடுக்கும் முன் கேளுங்கள், ராத்திரி முழுக்கப் போட்டுவிடலாம்.

முதுகுளத்தூர் பக்கம்தான் நான் பிறந்த ஊர். போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இனி காரில் கூட்டம் வரும். தண்ணீர் வண்டி தள்ளுகிற எங்கள் பெண்களைப் படம் எடுத்து "பாவம்" என்று போடுவார்கள். அது வேண்டுமா?
*வாசகி, ஆரப்பாளையம், மதுரை*

வேண்டாம், தாயி. கேட்டது நியாயம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் கிராமங்களில் குடங்களை வரிசையாக வைக்கத் தோதாகச் செய்த தள்ளுவண்டிகள் இருக்கும். நல்ல தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே வரை தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வருவார்கள். அது அவர்களுடைய அன்றாட வேலை. நாம் வேலைக்குப் போகும்போது ஒருவன் காரை நிறுத்திப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? எதிரே வண்டி வந்தால் காரை ஓரங்கட்டி அவர்களுக்குத் தார் ரோட்டை விட்டுக்கொடுங்கள். நிறைகுடத்தோடு வண்டியை மண்ணில் இறக்கி ஏற்றுவது லேசான காரியமில்லை. பேசத் தோன்றினால் பேசுங்கள், படம் வேண்டுமென்றால் கேளுங்கள், மாட்டேன் என்றால் கிளம்புங்கள்.

ஊருணி விஷயத்திலும் இதே மரியாதை. குடிக்கிற ஊருணி என்றால் செருப்போடு படி இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது. பார்ப்பதற்குக் கலங்கிய குளம் மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகளைக் குதிக்க விட்டுவிடாதீர்கள்.

ஆட்டு மந்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளை ரோட்டில் ஓட்டி வருவார்கள், ராமநாதபுரம் வெள்ளை ரகம் நிறைய இருக்கும். ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்தால் மந்தை இரண்டாகப் பிரிந்து பாதி முள்ளுக்குள் ஓடும், அதைச் சேர்க்க அவருக்கு அரை நாள் போய்விடும். இன்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். கடைசி ஆடு, அதற்குப் பின்னால் நாய், அதற்கும் பின்னால் தோளில் குட்டியோடு ஆள் வந்த பிறகு வண்டியை எடுங்கள்.

நாள் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்டம்பர் 11 பரமக்குடியிலும், அக்டோபர் 28 முதல் 30 வரை கமுதிப் பக்கம் பசும்பொன்னிலும் நினைவு நாள் நிகழ்ச்சிகள். போலீஸ் பாதுகாப்பும் வண்டிச் சோதனையும் அதிகம், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும், பாதை மாற்றிவிடுவார்கள். அஞ்சலி செலுத்தப் போகிறவர்கள் போகட்டும், ஊர் சுற்றிப் பார்க்கிறவர்கள் வேறு தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வீட்டுக்கு வாங்கி வர என்ன இருக்கிறது?
*வாசகி, மேலூர்*

மிளகாயும் கருப்பட்டியும். ராமநாதபுரம் குண்டு மிளகாயை அங்கே முண்டு மிளகாய் என்பார்கள், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. தை மாதத்துக்கு மேல் பழம் பறித்து, மாசி, பங்குனியில் களத்திலும் ரோட்டோரத்திலும் காயப் போட்டிருப்பார்கள். சிவப்புப் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும், அதன்மேல் டயரை ஏற்றிவிடாதீர்கள். வாங்கும்போது கையில் நான்கு எடுத்துக் குலுக்குங்கள், உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். சத்தமே இல்லாமல் மெத்தென்று இருந்தால் ஈரம் போகவில்லை, வீட்டில் பூஞ்சை பிடிக்கும். காம்பு பச்சையாக இருப்பதும், தோல் வெளுத்துப்போன சோடையும் கலந்திருக்கிறதா என்று அடியில் கையை விட்டுப் பாருங்கள்.

கருப்பட்டிக்குச் சாயல்குடிப் பக்கம். பனங்காடு அங்கேதான் அடர்த்தி. பங்குனி, சித்திரையில் காய்ச்சுகிற இடத்திலேயே வாங்கலாம். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டால் இனிப்போடு கொஞ்சம் உப்புக் கரிக்க வேண்டும், வெறும் இனிப்பாக இருந்தால் சீனி கலந்தது என்று யோசியுங்கள். கடையில் பேரம் பேசலாம். பனை ஏறி இறங்கி வருகிறவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள்.

மிளகாயை மட்டும் சாக்கில் கட்டி டிக்கியில் போடுங்கள். பின்சீட்டில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால் மானாமதுரை தாண்டும் வரை எல்லாரும் தும்முவீர்கள், ஓட்டுகிறவர் உட்பட.